கெல்லருக்கு மேலே

ஃபிராங்கோனியாவில் நிலவறைக்கு யாரும் கீழே இறங்குவதில்லை, மேலே ஏறுகிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு லேப்டாப்பை மூடிக்கொண்டே, "கெல்லருக்கு மேல போறோம், வர்றியா?" என்று கேட்பார்கள். கெல்லர் என்றால் ஜெர்மன் மொழியில் நிலவறை. அதற்கு உள்ளே போகலாம், கீழே போகலாம். மேலே எப்படிப் போவது? மொழி வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். அவர் ஹாம்பர்க்காரர். "அது இந்த ஊர்க்காரங்க பேச்சு, பரீட்சைல எழுதிடாதே" என்று முடித்துக்கொண்டார். விளக்கம் இலக்கணத்தில் இல்லை, மலைச்சரிவில் இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது எர்லாங்கனில். ரயிலில் வடக்கே கொஞ்ச நேரம் போனால் ஃபோர்க்ஹைம் என்று சின்ன ஊர். ஊரை ஒட்டி காடு போர்த்திய ஒரு குன்று. அதன் வயிற்றில் மணற்பாறையைக் குடைந்து எடுத்த சுரங்கங்கள். அந்த இடத்துக்குப் பெயரே கெல்லர்வால்ட், அதாவது நிலவறைக் காடு. சுரங்கத்துக்குள் கோடையானாலும் பனிக்காலமானாலும் எட்டிலிருந்து பத்து டிகிரிதான். பீர் கீழே, மனிதர்கள் மேலே. மரத்தடியில் நீள நீளமாக பெஞ்சுகள். நிலவறையின் கூரைமேல் உட்கார்ந்து நிலவறைச் சரக்கைக் குடிப்பதுதான் 'கெல்லருக்கு மேல போறது'.

பீருக்கு ஏன் நிலவறை வேண்டியிருந்தது என்பது என்னை மாதிரி ஆட்களுக்குப் பிடித்தமான கதை. அடியில் படிந்து நொதிக்கும் ஈஸ்ட் குளிரில்தான் ஒழுங்காக வேலை செய்யும். வெயில் காலத்தில் காய்ச்சினால் கண்ட கிருமியும் புகுந்து பீர் கெட்டுப்போகும், கொப்பரைத் தீ பரவி ஊரும் எரியும். அதனால் 16-ஆம் நூற்றாண்டில் பவேரிய ஆட்சியாளர்கள் ஒரு விதி போட்டார்கள்: செப்டம்பர் 29-லிருந்து ஏப்ரல் 23 வரைக்கும்தான் பீர் காய்ச்சலாம். அப்படியென்றால் கோடைக்கு வேண்டிய பீரை முன்கூட்டியே காய்ச்சி எங்கேயாவது குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மலையைக் குடைந்தார்கள். பனிக்காலத்தில் குளத்தில் உறைந்த ஐஸை வெட்டி வந்து உள்ளே அடுக்கினார்கள். மேலே வெயில் படாமலிருக்க நிழல் மரங்கள் வைத்தார்கள். முனிச் பக்கம் அதிகம் செஸ்ட்நட். அதன் வேர் ஆழமாக இறங்காது, கீழே இருக்கும் வளைவுக் கூரையை உடைக்காது. அகன்ற இலை, அடர்ந்த நிழல். அதாவது அந்த மரங்கள் முதலில் மனிதர்களுக்காக வைத்தவை அல்ல, பீருக்காக வைத்தவை. நிழலும் குளிர்ந்த பீரும் ஒரே இடத்தில் இருந்தால் மனிதர்கள் தானாக வந்து சேரமாட்டார்களா?

வந்து சேர்ந்தார்கள். ஊருக்குள் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர்களுக்கு வயிறு எரிந்தது. ராஜாவிடம் மனு போனது. 1812 ஜனவரியில் முதலாம் மாக்ஸிமிலியன் யோசஃப் ஒரு தீர்ப்பு சொன்னார். பீர் காய்ச்சுகிறவர்கள் கோடையில் தங்கள் நிலவறையில் வைத்தே பீர் விற்றுக்கொள்ளலாம், ரொட்டியும் கொடுக்கலாம், வேறு சாப்பாடு கூடாது. சமரசம் என்றால் இப்படி இருக்க வேண்டும். இரண்டு தரப்பும் பாதி அழுதது. ஆனால் ஜனங்கள் மூன்றாவது வழி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. சாப்பாடு விற்கும் தடையெல்லாம் எப்போதோ போய்விட்டது, ஆனால் சொந்தச் சாப்பாட்டைக் கொண்டுவந்து சாப்பிடும் உரிமை போகவில்லை. 1995 மே மாதம் முனிச்சில் ஆயிரக்கணக்கானவர்கள் பீர் தோட்டத்துக்காக ஊர்வலமே போனார்கள். ஒரு தோட்டத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்கள் சத்தம் தாங்காமல் கோர்ட்டுக்குப் போக, ராத்திரி சீக்கிரம் மூடவேண்டும் என்று உத்தரவு வந்ததுதான் காரணம். கடைசியில் 1999-ல் பவேரிய அரசு இதற்கென்றே ஒரு விதித்தொகுப்பு கொண்டுவந்தது. 11 மணிவரை திறந்திருக்கலாம், பாட்டு 10 மணியோடு சரி. எனக்குப் பிடித்த பகுதி, எதைப் பீர் தோட்டம் என்று சொல்லலாம் என்பதற்கு அதில் கொடுத்திருக்கும் விளக்கம்: தோட்டமாக இருக்க வேண்டும், கொண்டுவந்த சாப்பாட்டைக் காசு கொடுக்காமல் சாப்பிட முடிய வேண்டும். உலகத்தில் வேறெங்காவது டிபன் பாக்ஸுக்கு இத்தனை சட்ட மரியாதை உண்டா, தெரியவில்லை. நம் ஊர் சினிமா தியேட்டர் வாசலில் முறுக்குப் பொட்டலத்தைப் பிடுங்கி வைக்கும் செக்யூரிட்டி அண்ணனை நினைத்துக்கொண்டேன்.

பீரைப் பற்றிச் சொல்லவேண்டும். இங்கே கிடைப்பதை 'கிராஃப்ட் பீர்' என்று சொன்னால் காய்ச்சுகிறவருக்கே புரியாது. பெங்களூரில் வேலை பார்த்தபோது அந்த வார்த்தைக்காகவே கூடுதலாகக் காசு கொடுத்திருக்கிறேன். மாம்பழ பீர், காபி பீர், கரும்பலகையில் கலர் சாக்பீஸில் எழுதிய மெனு, கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் செப்புத் தொட்டி. தப்பில்லை, நன்றாகவே இருக்கும். ஆனால் மேல் ஃபிராங்கோனியாவில் மட்டும் சுமார் 150 ப்ரூவரிகள் இருக்கின்றன. ஆஃப்ஸெஸ் என்று ஒரு சின்ன ஊராட்சி, ஆயிரத்துச் சொச்சம் பேர், நாலு ப்ரூவரி. ஆளுக்கு இத்தனை ப்ரூவரி என்ற கணக்கில் கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த ஊர். இங்கெல்லாம் ப்ரூவரி என்பது நம் ஊரில் மாவு மில் மாதிரி. பக்கத்து ஊர்ப் பீர் எப்படி இருக்கும் என்று கேட்டால் "குடிக்கலாம்" என்பார்கள். அதில் அவ்வளவு இளக்காரம் இருக்கும்.

நான் வழக்கமாக வாங்குவது கெல்லர்பீர். அரை லிட்டர், இந்த ஊர்ப் பாஷையில் ஒரு 'சைட்லா'. நொதிக்கும்போது பீப்பாயை இறுக்கி அடைக்காமல் விட்டுவிடுவதால் கேஸ் கம்மி, நுரையும் சீக்கிரம் அடங்கிவிடும். வடிகட்டாததால் லேசாகக் கலங்கியிருக்கும். கல் மாதிரி கனக்கும் மண் குவளையில் தருவார்கள், அதனால் நிறம் என்னவென்றே முதலில் தெரியாது. முதல் வாயில் ரொட்டியின் மேலோடு வாசனை, கடைசியில் ஒரு கசப்பு. பாகற்காயின் கசப்பு இல்லை, வேப்பம்பூ ரசத்தில் வருமே, தொண்டைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நிற்பது, அது. குவளைக்கு முன்பணம் உண்டு, திருப்பிக் கொடுத்தால் காசு வந்துவிடும். நாமே போய் வாங்கி வரவேண்டும். எந்த பெஞ்சில் இடம் இருந்தாலும் கேட்டுவிட்டு உட்காரலாம். பக்கத்தில் முன்பின் தெரியாத தாத்தா தன் மடக்குக் கத்தியால் முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டிருப்பார். குழந்தைகள் ஊஞ்சலுக்கும் மேசைக்கும் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டு சைட்லாவில் மூன்று மணி நேரம் போய்விடும். யாரும் எழுந்து போகச் சொல்வதில்லை.

போன வருஷம் ஜூனில் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மூன்று மாத விசா.

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இதற்கு மேல் போக முடியும். எங்கள் ஊர் உடன்குடிக்குப் பக்கம். தேரி மணலும் பனைவிளையும் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். தாத்தா பனையேறி. காலையில் நாற்பது மரம், சாயங்காலம் மறுபடி அதே நாற்பது. அப்பா அந்த மரங்களிலிருந்து தப்பித்துப் படித்து வாத்தியார் ஆனார். தம்பி, அதாவது என் சித்தப்பா, தாத்தாவோடு ஏறினார், பிறகு விட்டுவிட்டு லோடுமேன், லாரி கிளீனர், உப்பளம் என்று போனார். 2012-ல், 48 வயதில், கல்லீரல் கெட்டு இறந்தார். கடைசி ஆறு வருஷம் அவர் சம்பளம் முழுக்க முக்குரோட்டு டாஸ்மாக்கில் கரைந்தது. எங்கள் வீட்டில் அந்தக் கடையின் பெயரைச் சொல்ல மாட்டார்கள், "அங்க" என்பார்கள். "அங்க விழுந்து கெடக்கான்" என்று யாராவது ஓடிவந்து சொன்னால் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுப்பார். வாத்தியார் சைக்கிளின் கேரியரில் தம்பியை உட்காரவைத்து, வேட்டியால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டித் தள்ளிக்கொண்டு வருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

அப்பா எந்தக் கல்யாண வீட்டிலும் 'பார்ட்டி' நடக்கிற பக்கம் போனதில்லை. குடிக்கிறவர்கள் இருக்கும் மேசையில் உட்கார்ந்ததில்லை. நான் குடிப்பேன் என்பது அவருக்குத் தெரியுமா என்பது எங்கள் வீட்டில் யாரும் திறந்து பார்க்காத ஃபைல்.

ஆனாலும் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிற்றுக்கிழமை ஊரில் எல்லாக் கடையும் அடைத்திருக்கும், வேறெங்கே கூட்டிப்போவது என்பது ஒரு காரணம். அந்த மரங்களை அவர் பார்க்கவேண்டும் என்பது இன்னொன்று. அம்மா தேங்காய்ச் சோறும் கத்தரிக்காய்ப் பொரியலும் கட்டினார். போய் உட்கார்ந்தோம். அப்பா அதைப் பூங்கா என்றே நினைத்தார். பிள்ளைகள் விளையாடுகின்றன, பாட்டிமார் உட்கார்ந்திருக்கிறார்கள், நாய் படுத்திருக்கிறது, ஆளாளுக்குச் சோற்றுமூட்டையைப் பிரிக்கிறார்கள். நான் மூன்று பேருக்கும் ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்தது வாங்கி வந்தேன். அப்பா குடித்தார். பக்கத்துக் குவளையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார்.

"ஏலே, இது அதுவா?"

"ஆமாப்பா."

"அந்தப் பாட்டியும்?"

"ஆமா."

எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். எதிரில் இருந்த தம்பதி அது என்ன சாப்பாடு என்று கேட்டார்கள். அம்மா டிபன் மூடியில் கொஞ்சம் வைத்து நீட்டினார். அவர்கள் பதிலுக்குச் சீஸைப் பிசைந்து வெங்காயம் போட்ட ஏதோ ஒன்றைக் கொடுத்தார்கள். அம்மா அதை ரொட்டியில் தடவி மோந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளினார்.

மூன்றாவது ஞாயிறு போனபோது, நான் எழுந்ததும் அப்பா சொன்னார்: "எய்யா, எனக்காக நீ ஜூஸ் வாங்காத. நீ எப்பவும் என்ன வாங்குவியோ அத வாங்கு." அம்மா மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்றேன். "மறைச்சுக் குடிக்கிறவன்தான் நமக்கு ஆகாது" என்றார்.

முப்பத்தைந்து வயது. சொந்தச் சம்பளம். ஆனாலும் அந்தக் குவளையைத் தூக்கிக்கொண்டு மேசைக்கு வந்த இருபதடி தூரம் போல நான் எதையும் நடந்ததில்லை. அந்த அரை லிட்டரைக் குடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின் வாயில் தெர்மாமீட்டர் வைத்துவிட்டுப் பார்ப்பதுபோல. பாதியில் குவளையைக் கேட்டார். கொடுத்தேன். குடிக்கவில்லை. மூக்குக்கிட்டே கொண்டுபோய்ப் பிடித்தார்.

"புளிச்ச பயினி வாசம் லேசா வருது" என்றார். பயினி என்பது எங்கள் பக்கத்தில் பதநீர்.

அதற்குப் பிறகுதான் தாத்தாவைப் பற்றிப் பேசினார். என் வாழ்நாளில் நான் கேட்டதையெல்லாம் கூட்டினால்கூட அன்றைக்குக் கேட்ட அளவுக்கு வராது. பாளையைக் கடிப்பு வைத்து நசுக்கிப் பதப்படுத்துவது, தினம் இரண்டு வேளை நுனியைப் பூவிதழ் கனத்துக்குச் சீவுவது, கலயம் கட்டுவது. கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஒரே மரம், ஒரே பாளை, ஒரே மனிதர். சுண்ணாம்பின் காரம் ஈஸ்ட்டை அண்டவிடாது. அது இல்லாவிட்டால் காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே போதும், மரத்திலிருந்து இறங்குவதற்குள் நொதிக்க ஆரம்பித்துவிடும்.

எனக்குள் இருக்கும் இன்ஜினியர் இங்கே ஒரு ஒப்பீட்டைப் போடாமல் இருக்கமாட்டான். பார்லியில் இருப்பது மாவுச்சத்து. அதை ஊறவைத்து, முளைகட்டி, உலர்த்தி, இடித்து, 65 டிகிரி வாக்கில் வெந்நீரில் வைத்திருந்தால்தான் சர்க்கரையாக மாறும். பிறகு ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து, வாரக்கணக்கில் குளிரில் காத்திருக்க வேண்டும். 1516-ல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற சட்டம் பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் மூன்றுதான் இருக்கலாம் என்றது. ஈஸ்ட்டின் பெயரே அதில் இல்லை. தாத்தாவின் கலயத்துக்கும் ஈஸ்ட்டை யாரும் அறிமுகப்படுத்தவில்லை. ஆனால் பனை சர்க்கரையையே நேராகக் கொடுத்துவிடுகிறது. எல்லா வேலையும் ஏறி இறங்குவதில்தான். கள்ளின் ஒரே குறை, நிற்காது. காலையில் இறக்கியது ராத்திரிக்குள் புளித்துவிடும், மறுநாள் காடி. நிலவறை கட்டி வைக்க முடியாது, லாரியில் ஏற்றி அனுப்ப முடியாது. லோக்கல் என்ற வார்த்தைக்கு அதைவிட லோக்கலான பானம் கிடையாது. மரத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் அதன் சந்தை.

அரசாங்கத்துக்குக் கள் பிடிக்காமல் போனதற்கு இது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். எண்ண முடியாததற்கு வரி போட முடியாது. தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1937-ல் சேலத்தில் ராஜாஜி ஆரம்பித்ததிலிருந்து மூடித் திறந்து, திறந்து மூடி வந்த கதை. கள்ளுக்கு 1987 ஜனவரி 1-ஆம் தேதி கதவு அடைத்ததுதான், இன்றுவரை திறக்கவில்லை. பக்கத்தில் கேரளாவில் ஷாப் போர்டு வைத்து, கப்பையும் மீன் கறியும் சேர்த்து விற்கிறார்கள். 2003-லிருந்து இங்கே சில்லறை விற்பனை மொத்தமும் டாஸ்மாக் கையில். அரசு மரம் பனை, அரசுக் கடையில் விற்பது கரும்பாலைக் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராயத்துக்குப் பிராந்தி நிறமும் ரம் வாசமும் ஏற்றியது.

அந்த மேசையிலேயே அப்பாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், அதாவது 77 மில்லி. என் குவளை 500 மில்லி, சுமாராக 5 சதவீதம், 25 மில்லி. சித்தப்பா பத்து நிமிஷத்தில் நின்றபடி, ஒரு பிளாஸ்டிக் டம்ளரில், தண்ணீர் பாக்கெட்டைக் கடித்துப் பீய்ச்சிக் கலந்து குடித்தது மூன்று சைட்லாவுக்குச் சமம். அதுவும் வெறும் வயிற்றில். இங்கே மூன்று சைட்லா குடிக்க ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும், நடுவில் சோறும் பேச்சும் உண்டு. கள்ளும் ஏறக்குறைய இந்தப் பீர் அளவுதான். கள்ளுக்கடை இருந்திருந்தால் சித்தப்பா பிழைத்திருப்பார் என்று சொல்லவந்தேன். கள் இறக்க அனுமதி கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்லும் வாதம்தான். நானும் அந்தக் கட்சிதான்.

அப்பா கணக்கைக் கேட்டார். கணக்கில் தப்பில்லை என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு, "ஒங்க ஆச்சிக்கு இடது கை மணிக்கட்டு கோணலா இருக்கும், பாத்திருக்கியா?" என்றார்.

பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் கிணற்றடியில் விழுந்தது என்று சொல்வார்கள்.

"கெணத்துலயும் விழல, மரத்துலருந்தும் விழல. அது கள்ளுதான். நீ சொல்ற அஞ்சு சதவீதம்."

அம்மா டிபன் பாக்ஸை மூட ஆரம்பித்தார். அப்பா அதோடு விடவில்லை. எங்கள் தாத்தா கெட்டவர் இல்லை என்றார். எண்பது தடவை ஏறி இறங்கிய உடம்புக்குச் சாயங்காலம் ஏதோ வேண்டியிருந்தது என்றார். கள் விற்றால்தான் கையில் காசு வந்தது, 1987-க்குப் பிறகு வெறும் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி போட்டு விறகுக் காசுகூடத் தேறவில்லை, சின்னவன் மரத்தைவிட்டு ஓடியதே அதனால்தான் என்றார். கள்ளச்சாராயக் கேஸ் மாதிரி போலீஸ் வந்து கலயங்களை உடைத்ததைச் சொன்னார். இதையெல்லாம் ஒன்றையொன்று வெட்டாமல் அடுத்தடுத்து வைத்தார், கரும்பலகையில் எழுதுவதுபோல. நான் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேசலாம் என்று பார்த்தேன், எதைப் பிடித்தாலும் இன்னொன்று கையோடு வந்தது.

இந்த ஊரையும் அவர் விட்டுவைக்கவில்லை. எர்லாங்கனில் பெந்தெகொஸ்தே சமயத்தில் பன்னிரண்டு நாள் திருவிழா, 1755-லிருந்து நடக்கிறது. அதுவும் ஒரு குன்றின் நிலவறைகளுக்கு மேலேதான். லீட்டர் லீட்டராகப் பீர். ஜூன் ஆரம்பத்தில் அவர்கள் வந்து இறங்கிய வாரம் அது நடந்துகொண்டிருந்தது. ராத்திரி பஸ்ஸில் இருபது வயதுப் பையன் ஒருவன் தன் பையிலேயே வாந்தி எடுத்தான். கூட வந்த பெண் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "பன்னெண்டு நாள் மட்டும் நம்ம ஊர் மாதிரியே இருக்கு" என்றார் அப்பா. பதினாறு வயதானால் பீர் வாங்கலாம், பதினாலு வயதுப் பிள்ளைகூட பெற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் குடிக்கலாம் என்பது இங்கத்திய சட்டம். சொன்னபோது அவர் நம்பவில்லை. நம்பிய பிறகு கோபம் வந்தது. முப்பது வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு டீச்சராக இருந்தவர். பதினாலு வயது என்றால் அவருக்கு யாரென்று தெரியும்.

எனக்கும் இந்த ஊர்க் குடியை ஒரேயடியாகத் தூக்கிவைக்கத் தோன்றவில்லை. ஆபீஸில் ஒருவர் திங்கட்கிழமைகளில் வரமாட்டார், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. மரத்தடி, முள்ளங்கி, ஊஞ்சல் இதெல்லாம் இருப்பதாலேயே குடி குடியாக இல்லாமல் போய்விடாது. ஆனால் வெளிச்சத்தில் நடக்கிறது. அந்த ஒரு விஷயத்தை என்னால் விடமுடியவில்லை. எங்கள் முக்குரோட்டுக் கடையில் கம்பி வலைக்கு நடுவில் ஒரு ஓட்டை, கை மட்டும் போகும் அளவு. காசு உள்ளே போகும், பாட்டில் வெளியே வரும். விற்கிறவர் முகமும் வாங்குகிறவர் முகமும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ள வேண்டியதில்லை. உட்கார்ந்து குடிக்க இடம் என்றால் பின்னால் தகரக் கூரை போட்ட பார், தரையெல்லாம் ஈரம். பெண்களும் பிள்ளைகளும் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கக்கூடாது. குடிக்கிறவன் சீக்கிரம் குடித்துவிட்டு சீக்கிரம் மறையவேண்டும் என்று நினைத்துக் கட்டிய இடம்.

1870-களில் கார்ல் ஃபான் லிண்டே என்ற முனிச் பேராசிரியர் குளிர்சாதன இயந்திரத்தைச் செய்தார். முதல் வாடிக்கையாளர்களே ப்ரூவரிகள்தான். அதற்குப் பிறகு நிலவறையே தேவையில்லை. சமவெளியில் தொழிற்சாலை கட்டி வருஷம் முழுக்கக் காய்ச்சலாம். எர்லாங்கன் குன்றின் நிலவறைகளுக்கு அதுவரை இருந்த மவுசு போய்விட்டது. பீர் கீழே இறங்கிப் போய்விட்டது. ஆனால் மேலே பெஞ்ச் போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மரமும் மேசையும் கட்டிவந்த சோறும் அங்கேயே இருக்கின்றன. பனைக்கு அப்படி யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பனையடியில் நிழலும் கிடையாது. தாத்தாவின் நாற்பது மரத்தில் இருபத்தெட்டைச் செங்கல் சூளைக்கு வெட்டிவிட்டார்கள்.

செப்டம்பரில் அவர்கள் கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, கெல்லரில் இருந்தபடியே சித்திக்கு வீடியோ கால் போட்டார் அம்மா. சித்தப்பா இறந்த பிறகு சித்தி அங்கன்வாடியில் சமையல் வேலைக்குப் போய் இரண்டு பெண்களையும் படிக்கவைத்தவர். போனைச் சுற்றிக் காட்டினார் அம்மா. மரம், பெஞ்ச், குழந்தைகள், குவளைகள். என் குவளையும் அதில் வந்திருக்கும்.

"அத்தான் அங்கயா உக்காந்திருக்காவ?" என்று சித்தி சிரித்தார். அப்பா தலையை ஆட்டினார்.

சித்தி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தச் செவப்புச் சட்டைக்காரர் பக்கத்துல இருக்கது அவரு சம்சாரமா?"

"ஆமா."

"அவளும் குடிக்காளா?"

"அவங்க முன்னால இருக்கது எலுமிச்ச ஜூஸ் சித்தி. அவங்கதான் கார் ஓட்டணும் போல."

"அவரு எத்தன குடிச்சாருன்னு அவளுக்குத் தெரியும்லா?"

"பக்கத்துலதானே இருக்காங்க. தெரியும்."

"எத்தன மணிக்கு வீட்டுக்குப் போவாவன்னும் தெரியும்."

"ரெண்டு பேரும் சேர்ந்துதானே போவாங்க."

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் அவர் வீட்டு மின்விசிறிச் சத்தம் கேட்டது. அப்புறம், அங்கே அரிசி என்ன விலை, தேங்காய் கிடைக்கிறதா என்று அம்மாவிடம் கேட்க ஆரம்பித்தார். நல்ல தேங்காய் கிடைப்பதில்லை, உடைத்தால் பாதி அழுகல் என்றார் அம்மா.